காப்பாளர் கையெழுத்து

சிதம்பரம்
12.12.2006

தம்பி ஆரோக்கியராஜுக்கு,

என்னைப் புத்தியில்லாதவன் என்று பேங்கில் எழுதிக் கொடுத்திருக்கிறாய். என் கணக்கில், உன் கையெழுத்தோடு. அண்ணனுக்கு நீ செய்த துரோகம் இது. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

கடைக் கட்டிடத்தின் சொந்தக்காரர் வைத்திலிங்கம் அட்வான்ஸில் இன்னும் நாற்பதாயிரம் கேட்கிறார். முப்பத்தொன்றாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் பைண்டிங் கடையைக் காலி செய்ய வேண்டும் என்று என் நோட்டில் எழுதிவிட்டுப் போனார். இதுவரை பணம் போட்டுத்தான் பழக்கம், நேற்று முதல் தடவையாக எடுக்கப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் ஏதோ சொன்னாள். உதட்டைப் பார்த்தும் புரியவில்லை. நோட்டை நீட்டினேன். 'காப்பாளர் வரணும்' என்று எழுதினாள். எந்தக் காப்பாளர் என்று எழுதிக் கேட்டேன். பழைய விண்ணப்பத்தை எடுத்து என் பக்கம் திருப்பினாள். 'தன் காரியங்களைத் தானே பார்க்க இயலாதவர். காப்பாளர்: தம்பி.'

பதினோரு வயதில் காய்ச்சலில் போனது என் காது. போனது அது மட்டும்தான். பள்ளிக்கூடம் நின்ற பிறகு, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை வைத்தே இவ்வளவு படித்தேன். கணக்கில் இருக்கும் அறுபத்திரண்டாயிரமும் பல்கலைக்கழகப் பிள்ளைகளின் தீசிஸ்களுக்கு நான் அட்டை ஒட்டிச் சம்பாதித்தது. அதை எடுக்க முடியாமல் வெளியே வந்தேன். சைக்கிள் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடை போனால் நான் எங்கே போவேன்? உன் வீட்டு மாடியறைக்கா? கதவைத் தட்டினால் கேட்காது. யார் எப்போது உள்ளே வருவார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டு இருக்கவா?

உடனே பதில் போடு.

அடைக்கலராஜ்


கடலூர்
16.12.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் மேரி அழுதுவிட்டாள். "பெரிய மாமா ஏங்க இப்புடி எழுதிட்டாரு? அவுங்க காசுல நாம ஒரு டீ குடிச்சிருப்பமா?" என்றாள். பாஸ்புக் மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. அதில் ஒரு பைசா நான் தொட்டதில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் சீட்டுக்காரர் கோவிந்தசாமி நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்களே, மறந்துவிட்டதா? யாருடைய கடனுக்கோ ஜாமீன். அதற்காக நெல்லிக்குப்பத்துக்கு எத்தனை நடை நடந்தேன். அன்றிலிருந்து எனக்குப் பயம் அண்ணே. போஸ்ட்மேன் வந்தாலே, அண்ணன் எதில் கையெழுத்துப் போட்டு வைத்தாரோ என்று வாசலுக்கு ஓடுகிறேன். அதனால்தான் இப்படிச் செய்தேன். ஒளித்தும் செய்யவில்லை. விண்ணப்பம் கொடுத்த அன்று பேங்க் மேனேஜர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். "எல்லாம் தம்பிதான் பாத்துக்குறாரா? அவரே கையெழுத்துப் போடட்டுமா?" நீங்கள் தலையாட்டினீர்கள்.

கடை போனால் போகட்டும். மாடியறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். எனக்கும் பிரஷர் ஜாஸ்தி என்கிறார்கள். எனக்குப் பிறகு நம் பையன் ஜெகன் உங்களைப் பார்த்துக்கொள்வான். அவனையே அடுத்த காப்பாளராகப் போடுவதற்கு மேனேஜரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுங்கள். மேரி அதிரசத்துக்கு மாவு பிசைந்துவிட்டாள்.

உங்கள் அன்புத் தம்பி
ஆரோக்கியராஜ்


சிதம்பரம்
20.12.2006

தம்பிக்கு,

தலையாட்டினேன். ஐம்பது வருடமாக ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னால் ஜனங்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அதற்குப் பயந்து ஆட்டுவது. கோவிந்தசாமியிடமும் அப்படித்தான், என்னவென்று கேட்கப் பயந்து கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுடையது. அந்தக் கடனையும் நானே அடைத்தேன்.

என் தலையாட்டலுக்கு அர்த்தம் கிடையாது என்று உலகத்தில் தெரிந்தவன் நீ ஒருவன். சின்ன வயதில் உறவுக்காரர்கள் என்னிடம் பேசும்போது, தலையாட்ட வேண்டிய இடத்தில் என் காலை மிதிப்பாய். அண்ணனை யாரும் அசடன் என்று சொல்லிவிடக் கூடாது என்று நீ கண்டுபிடித்த ஏற்பாடு அது.

அன்று மேனேஜர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாயே தம்பி.

நீ திருடவில்லை. திருடியிருந்தால் போலீசுக்குப் போயிருப்பேன். அக்கறையைப் பற்றி எங்கே போய்ப் புகார் கொடுப்பது? உனக்குப் பிறகு ஜெகன் என்று எழுதுகிறாய். பீரோவைக் கைமாற்றுகிற மாதிரி என்னைக் கைமாற்றப் பார்க்கிறாய். போன ஈஸ்டருக்கு நான் நீட்டிய நோட்டை ஒதுக்கிவிட்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன்.

கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன். இனி நடக்க வேண்டியது இது.

நீ: 27-ஆம் தேதி, புதன்கிழமை, பத்து மணிக்குப் பாஸ்புக்கோடு பேங்குக்கு வருவது. காப்பாளராக இருப்பதிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுப்பது. அண்ணனுக்குக் காது மட்டும்தான் கேட்காது என்பதையும் அதே தாளில் உன் கையால் எழுதுவது.

மேனேஜர்: கேட்பதையெல்லாம் என்னிடம் எழுதிக் கேட்பது. இதை அவரிடம் நானே எழுதிக் காட்டிக்கொள்கிறேன், நீ சிபாரிசு செய்ய வேண்டாம்.

ஜெகன்: எதுவும் செய்ய வேண்டாம்.

மேரி: அழக்கூடாது. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்.

நான்: புரியாவிட்டால் புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்வது. என் குரல் இப்போது எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. கடையில் ஆள் இல்லாத நேரம் சொல்லிப் பார்த்தேன். எதிர்க்கடை மணவாளன் யாரோ அடிபட்டுவிட்டார்கள் என்று ஓடி வந்துவிட்டார். பேங்கே திரும்பிப் பார்க்கும். பயமாகத்தான் இருக்கிறது.

திரும்பவும் நீ: எழுதிக் கொடுத்ததும் எழுந்து வெளியே போய்விடுவது. நான் கவுன்ட்டரில் நிற்கும்போது உள்ளே வராதே. நான் கத்துவது கேட்டாலும் வராதே.

அடைக்கலராஜ்