குறை ஏதும் இல்லையாம்

மார்ச் 2, 2025, ஞாயிறு. ரவுண்ட் ராக்

மாவு அரைத்தேன். பிரீத்தியின் சயின்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு அட்டை வாங்க வேண்டும். கதிர் காலையிலேயே துப்பாக்கி சுட்டுப் பழக ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய்விட்டார். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்த பிறகு, ஜனவரியில் வாங்கிய கைத்துப்பாக்கி. எனக்கு இஷ்டமில்லை. வீட்டுக்குள் அதில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது, பெட்டியில் பூட்டியே வைக்க வேண்டும் என்றேன். சரி என்றார்.

மார்ச் 9

இன்று நடந்ததை எழுதிவைக்கிறேன்.

பதினோரு மணி இருக்கும். ரேஞ்சிலிருந்து வந்தவர் பெட்ரூமில் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைக்கப் போயிருக்கிறார். கை நழுவித் தரையில் விழுந்து – வெடித்துவிட்டது. நான் கிச்சனில். ஓடிப்போய்ப் பார்த்தால் கதிர் சிலை மாதிரி நிற்கிறார். சுவரில் ஓட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் பிரீத்தியின் அறை.

லேட்டாக எழுந்து பல் தேய்க்கப் போயிருந்தாள் என் பிள்ளை. குண்டு அவள் கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் இருந்தது.

"ட்ரிக்கர்ல கை வச்சீங்களா?"

"தொடவே இல்ல வான்மதி. கீழ விழுந்துச்சு, அதுவா வெடிச்சிருச்சு. ரேஞ்ச்ல தோட்டாவ எடுக்க மறந்துட்டேன். அது என் தப்புதான்."

மறந்ததை நம்பலாம். தானாக எப்படி வெடிக்கும்? பிரீத்தி முன்னாலேயே பொய் சொல்லாதீங்க என்று கத்தினேன். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது.

மார்ச் 10

பிரீத்தி என்னோடு படுத்தாள். "ஆர் யூ மேட் அட் டாட்?" என்றாள். போர்வையை இழுத்து அவளுக்குப் போர்த்திவிட்டேன்.

மார்ச் 14

துப்பாக்கிக் கம்பெனிக்குப் போன் பண்ணினார். அனுப்பிவைக்கச் சொன்னார்களாம். அனுப்பட்டும்.

ஏப்ரல் 3

திரும்பி வந்துவிட்டது. துடைத்து, எண்ணெய் போட்டு, கூடவே ஒரு கடிதம். பரிசோதித்தார்களாம், குறை ஏதும் இல்லையாம், கையாளும்போது கவனம் தேவையாம். கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். படித்துவிட்டு எழுந்து போனார்.

இவ்வளவு நாளும் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாரா?

ஏப்ரல் 12, சனி

துப்பாக்கி ரிப்பேர் பண்ணும் டேல் என்பவரிடம் கதிர் போனார். நானும் போனேன், அவர் சொன்னது பொய் என்று இன்னொருவர் வாயால் கேட்க.

டேல் குண்டும் மருந்தும் இல்லாத வெறும் தோட்டாக் கூட்டை உள்ளே போட்டார். அடிப்பக்கத்தில் தீப்பொறி தரும் மூடி மட்டும்தான் இருந்தது. மணல் பெட்டிக்கு நேராகப் பிடித்து, ரப்பர் சுத்தியலால் பின்னால் தட்டினார். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார். ஒன்றுமில்லை. மூன்றாவது தட்டில் 'பட்'டென்று வெடித்தது. யார் விரலும் ட்ரிக்கர் பக்கமே இல்லை. என் கண்ணால் பார்த்தேன்.

கழற்றிக் காட்டினார். கீழே விழுந்தாலும் வெடிக்காமல் தடுக்க உள்ளே ஒரு கட்டை. அதைப் பிடித்து நிறுத்தும் ஸ்ப்ரிங் இல்லை. பேனா ஸ்ப்ரிங்கை விடச் சின்னது. கம்பெனியில் போடவே இல்லை என்றார் டேல். திருப்பி அனுப்பியபோதாவது திறந்து பார்த்தார்களா?

வெளியே வந்து, "மன்னிச்சிருங்க" என்றேன். கதிர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஏப்ரல் 21

டேல் எடுத்த வீடியோவைப் பார்த்ததும் கம்பெனி இறங்கிவந்தது. ரிப்பேர் பண்ணித் தருகிறார்களாம். பிரீத்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மே 17, சனி

ரிப்பேர் ஆகி வந்த துப்பாக்கியை டேல் முப்பது தடவையாவது தட்டிப் பார்த்தார். வெடிக்கவில்லை. எடுத்துட்டுப் போகலாம் என்றார். கதிர் வேண்டாம் என்றார், நீங்களே விற்றுக்கொடுங்கள் என்றார். எனக்கு ஆச்சரியம். நான் கேட்கவே இல்லையே.

நான்தான் காரை ஓட்டினேன். பாதி வழியில் சொன்னார்: "அன்னிக்கு நான் எதையும் மறக்கல. வாங்கின நாள்ல இருந்தே லோட் பண்ணித்தான் வச்சிருந்தேன். திருடன் வந்தா டைம் இருக்காதுன்னு."

"வீட்லயா?"

"வீட்லதான். பல நாள் பெட்டியக்கூட பூட்டல. ட்ராயர்ல இருக்கும்."

காரை ஓரமாக நிறுத்தினேன். அவர் இன்னும் பேசிக்கொண்டே போனார். இந்த முறை ஒவ்வொரு வார்த்தையையும் நம்பினேன்.