குத்தம் சொல்லுங்க, சம்பந்தியம்மா

போன வாரம் ஜாக்கெட் துணி வாங்க மெயின்கார்டு கேட் பக்கம் போயிருந்தேன். தெப்பக்குளத்துக்கு எதிரே நடைபாதையில் ஒருவன் சின்ன மேஜை போட்டுக்கொண்டு, காய் நறுக்கும் சாதனம் ஒன்றை விற்றுக்கொண்டிருந்தான். வெங்காயத்தை உள்ளே போட்டுக் கயிற்றை இழுத்தால் பொடிப்பொடியாக வந்து விழுகிறது. "கண்ணு எரியாது, கை வலிக்காது, வாங்கம்மா வாங்க" என்று கத்தினான். வெங்காய நெடி மூக்கைத் துளைத்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம். நான் பக்கத்தில் திரும்பி, "கண்ணு எரியாதாம், விக்கிறவனே அழுவுறான் பாருங்க" என்றேன். பக்கத்தில் நின்றது யாரோ ஓர் அம்மா. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அது நீங்கள் நிற்க வேண்டிய இடம் சம்பந்தியம்மா.

உங்களைச் சம்பந்தியம்மா என்று எழுத எனக்கு இப்போது உரிமை கிடையாதாம். என் மகனும் உங்கள் மகளும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்றே அந்த முறை முடிந்துபோயிற்று என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். முடியட்டும். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது.

நிச்சயதார்த்தம் பொன்மலையில், உங்கள் பக்கத்து ஏற்பாடு. சரியாகத் தட்டு மாற்றுகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. சித்திரை வெயில் வேறு. பட்டுப்புடவைக்குள் இட்லி மாதிரி வெந்துகொண்டிருந்தோம். "ஒரு ஜெனரேட்டர் கூடவா வைக்கல?" என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் என் காதுபடவே ஆரம்பித்துவிட்டார்கள். பையனைப் பெற்றவள் ஆயிற்றே, நான் அதை எடுத்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். நீங்களோ தட்டை என்னிடம் நீட்டிக்கொண்டே குனிந்து, "சம்பந்தியம்மா, கல்யாண மாலைக்குள்ள ரெண்டு குட்டி ஃபேன் வச்சுக் கட்டுனா எப்படி? ஓடுமா?" என்று கேட்டீர்கள்.

எனக்கு என்ன வந்ததோ. "ஓடாதுங்க. முடி சிக்கிக்கும். தாலி கட்டுறதுக்குள்ள பொண்ணு மொட்டை" என்றேன்.

நீங்கள் சிரித்த சிரிப்பில் தட்டு ஆடி வெற்றிலை எல்லாம் கீழே கொட்டியது. இரண்டு வீட்டு ஆண்களும் நம்மை முறைத்தார்கள். அதைக் குனிந்து பொறுக்கும்போது நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இனிமே குத்தம் எல்லாம் இந்த மாதிரி மெஷின்ல சொல்லிக்குவோம். மனுஷங்கள விட்டுருவோம்."

அப்படியே செய்தோம். ஊரில் சம்பந்திகள் சீர் பலகாரத்தில் நெய் மணக்கவில்லை என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிவார்கள். நமக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? காலையில் சமையல் முடிந்து வீட்டில் ஆள் கிளம்பியதும் பொன்மலையிலிருந்து போன் வரும். நலம் விசாரிப்பு ஒன்றும் கிடையாது. "கோலப்பொடி டப்பா மாட்டின ஸ்கூட்டி. ஓட்டிக்கிட்டே போனா பின்னாடி கோலம் விழும். குத்தம் சொல்லுங்க." நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பேன். "சிக்னல்ல நின்னா அந்த இடத்துல குவிஞ்சு கெடக்கும். அப்புறம் போலீஸ்காரர் கோலத்தைப் பிடிச்சுக்கிட்டே நேரா வீட்டுக்கு வந்து ஃபைன் போட்டுருவாரு."

மழைத் தண்ணீரைப் பிடித்து, கைப்பிடி வழியாகப் பாட்டிலில் இறக்குகிற குடை என்னுடையது. "திருச்சியில மழைக்குக் குடை பிடிச்சவங்க யாருங்க? வெயில் வந்து பாட்டில்ல ரொம்புமா?" என்று ஒரே அடியில் சாய்த்துவிட்டீர்கள். மலைக்கோட்டைப் படிக்குப் பக்கத்தில் சறுக்குமரம் கட்டினால், பிள்ளையாரைப் பார்க்காமல் பாதியிலேயே திரும்பிச் சறுக்கிவிடுவார்கள் என்பது என் குத்தம். விசிலுக்குப் பதில் 'போதும், அணைச்சுடு' என்று பேசுகிற குக்கரை நான் சொன்னபோது மட்டும் நீங்கள் சிரிக்கவில்லை. "வீட்ல ஏற்கெனவே அதட்டுற ஆளுங்க பத்தாதா? இதுவும் வேணுமா?" என்றீர்கள். அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

பிள்ளைகள் இரண்டும் பெங்களூரில். நல்லபடியாக இருக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தத் தீபாவளிக்கு என் மகன் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். நான் ஏதும் கேட்பதற்குள் உங்கள் போன். "சம்பந்தியம்மா, எங்க வீட்டுக்கும் ஒண்ணுதான் வந்திருக்கு" என்றீர்கள். அடுப்பில் அதிரசம் கருகியது.

குடி இல்லை, அடி இல்லை, வேறு ஆள் இல்லை. என்னதான்டா பிரச்சினை என்றால், "ஒத்து வரலம்மா" என்பான். உங்கள் மகளும் அதே வார்த்தையைத்தான் சொன்னாள் என்றீர்கள். அடித்திருந்தால் நான் என் மகனை உதைத்திருப்பேன். அவள் வாயாடியிருந்தால் நீங்கள் அவளை வைதிருப்பீர்கள். அவனும் நல்லவன், அவளும் நல்லவள். நாம் யாரைப் பிடித்து உலுக்குவது? இதற்குள் என் வீட்டுக்காரர் உங்கள் வீட்டில் கால் வைக்கக் கூடாது என்றார். உங்கள் வீட்டுக்காரரும் அதையே சொன்னாராம். அந்த ஒன்றில் மட்டும் இரண்டு சம்பந்திகளும் ஒத்துப்போனார்கள்.

அதனால்தான் நாம் சத்திரம் பேருந்து நிலையத்தில் சந்தித்தோம். நான் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வந்து இறங்கினேன், நீங்கள் பொன்மலை பஸ்ஸில். வயசுக்கு வந்த பெண்கள் காதலனைப் பார்க்க வருகிற மாதிரி இரண்டு பேரும் வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தோம். காப்பிக் கடையில் உட்கார்ந்து, ஆடை படிந்த காப்பியை வெறித்துக்கொண்டிருந்தோம். வெளியே முசிறி பஸ்காரர் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தார். காப்பியை ஒதுக்கி வைத்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள்.

"ஒரு பூட்டு. ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல வச்சுப் பூட்டிடணும். ரெண்டும் சேர்ந்து சிரிச்சாத்தான் தொறக்கும். சாவி கெடையாது. குத்தம் சொல்லுங்க."

எனக்குக் குத்தம் தெரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் விடவில்லை. "சொல்லுங்க, எப்பவும் சொல்லுவீங்கல்ல" என்று என் கையைப் பிடித்தீர்கள்.

"ரெண்டும் உள்ளயே பட்டினி கெடந்து செத்துப்போயிடும் சம்பந்தியம்மா" என்றேன்.

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "எனக்கும் அதான் தோணுச்சு. நீங்க வேற ஏதாவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றீர்கள். அந்தக் காப்பிக் கடையில், சப்ளையர் பார்க்கப் பார்க்க, இரண்டு கிழவிகளும் அழுதோம். ஊர் உலகத்தில் இல்லாத மெஷினுக்கெல்லாம் கோளாறு கண்டுபிடித்தவர்கள் நாம். பெற்ற பிள்ளைகளுக்கு நடுவில் என்ன கோளாறு என்று நமக்குத் தெரியவே இல்லை.

தீர்ப்பு வந்த அன்றைக்கு நீங்கள் போன் செய்து, "இனிமே உங்கள என்னன்னு கூப்பிடுறது?" என்றீர்கள். பேர் சொல்லுங்கள் என்றேன். உங்களுக்கு நாக்கு புரளவில்லை. அதற்குப் பிறகு "அலோ, நான்தான்" என்றுதான் ஆரம்பிப்பீர்கள். போகப் போக அதுவும் குறைந்தது. வயிற்றில் கட்டி என்று சொன்னீர்கள், ஆபரேஷன் என்று சொன்னீர்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றால், "வேண்டாங்க, இவரு இருப்பாரு" என்பீர்கள். பஸ் ஏறினால் எட்டிவிடுகிற தூரம்தான். வந்து பார்க்க எனக்கு ஓர் உறவுமுறை இல்லை, அவ்வளவுதான். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

போன் செய்து சொன்னது உங்கள் மகள்தான். "அத்தை, அம்மா போயிட்டாங்க" என்றாள். அத்தை என்றுதான் சொன்னாள்.

சம்பந்தி வீட்டிலிருந்து புதுப்புடவை கொண்டுபோய்க் கோடி போர்த்துவது நம் வழக்கம் இல்லையா? வழியில் இறங்கி, உங்களுக்குப் பிடித்த மாம்பழக் கலரில் ஒரு சேலை எடுத்தேன். "எந்த முறையில போற?" என்று வீட்டில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல்தான் கிளம்பியிருந்தேன். உங்கள் வாசலில் பெரியவர் ஒருவர், "பொறந்த வீட்டுக் கோடி வரட்டும்" என்றார். வந்தது. "சம்பந்தி வீட்டுக் கோடி" என்றார். உங்கள் மூத்த மகனின் மாமியார் முன்னால் போனார். நான் தெருப் பெண்களோடு நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. யாரையும் தப்புச் சொல்ல முடியாது. என்னை என்னவென்று சொல்லிக் கூப்பிடுவார்கள்?

உங்களை எடுத்துக்கொண்டு போனதும் நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். உங்கள் மகள் பின்னாலேயே ஓடி வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. "அத்தை, அம்மா ஒண்ணு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. எனக்குப் புரியல, அப்படியே சொல்றேன். புள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணாமலே சம்பந்திய மட்டும் தனியா குடுக்கிற கடை. குத்தம் சொல்லணுமாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே புரிந்தது போலிருக்கிறது. "ஸாரி அத்தை" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? குழந்தை.

அந்தச் சேலை என் பீரோவில் இருக்கிறது. கோடிச் சேலையை நான் கட்டவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. உங்கள் கடைக்குக் குத்தம் தேடிக்கொண்டே இருந்தேன். கண்டுபிடித்துவிட்டேன் சம்பந்தியம்மா. அந்தக் கடையில் எத்தனையோ பேர் வரிசையாக நிற்பார்கள். அதில் நீங்கள்தான் எனக்கு வேண்டியவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? கரண்ட் போன அந்த ஹாலில் என் மகனுக்குப் பெண் கொடுக்க நீங்கள் நிற்காவிட்டால், நான் உங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருப்பேன்.

என் மகனுக்கு இப்போது வேறு இடம் பார்க்கிறார்கள். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும், "அந்தக் கல்யாணமே நடந்திருக்கக் கூடாது" என்கிறார்கள். அவன் பட்டதை நான் பார்த்தேன், உங்கள் பெண் அழுததையும் பார்த்தேன். பெற்றவள், நான்தான் முதலில் ஆமாம் என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் வர மாட்டேன் என்கிறது.