தபால்காரரின் முழங்கால்

இல்லை குட்டி, அதில் பொய் ஒன்றும் இல்லை. "தாத்தாவோட ஆண்டவரை என் ஆண்டவர்னு சபை முன்னால நின்னு சொன்னா பொய்யாகாதா"ன்னு கேட்டிருந்தாயே, அதற்குத்தான் முதல் வரியிலேயே பதில். நாங்கள் மூன்று பேரும் சுகம், உனக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்பி எழுதுகிறேன். உன் தம்பிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, மறுபடி பள்ளிக்கூடம் போகணுமே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறான், என் ரத்தம், எங்கே போகும். உன் அம்மா, "பிரசங்கம் பண்ணாம, சாப்பிடுறாளா தூங்குறாளான்னு கேளுங்க" என்கிறாள். கேட்டாகிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே உன்னைச் சபையில் சேர்க்கும்போது ஆண்டவரைப் பற்றி உன் சொந்த வார்த்தையில் சாட்சி சொல்ல வேண்டுமாம், உன்னிடம் சொந்தமாக ஒன்றுமே இல்லையாம், அதனால் கொடுத்த பேரைத் திரும்ப வாங்கப் போகிறாயாம். வாங்காதே. நான் படிப்பைப் பாதியில் விட்டவன் என்று உனக்குத் தெரியும். கூடவே சபையையும் விட்டேன், அதை உன்னிடம் சொன்னதில்லை. சின்ன வயதிலிருந்து தினமும் சாயங்காலம் உன் தாத்தா எங்களைப் பாயில் உட்காரவைத்துச் செய்த அதே ஜெபத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. பத்தொன்பது வயதில் கையில் நீ, தலைக்கு மேல் வேலை, எனக்கு எதற்கு ஜெபம் என்று திரிந்தேன். டயர் கடை, பெயிண்ட் வேலை, கடைசியில் லிஃப்ட் ரிப்பேர். ஒரு நாள் மத்தியானம் நாலாம் மாடிக்கும் அஞ்சாம் மாடிக்கும் நடுவில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் தனியாக நின்று வேலை செய்துகொண்டிருக்கிறேன், கரண்ட் போனது. கூண்டு ஒரு அடி சறுக்கி நின்றது. டார்ச் கீழே விழுந்து, விழுந்த சத்தம் வர நேரமானது. கை கம்பியைப் பிடித்தது, வாய் தானாகவே தாத்தாவின் ஜெபத்தைத் தொடங்கியது. இம்மட்டும் எங்களைத் தாங்கினவரே என்று ஆரம்பித்து, அவர் கனைக்கும் இடத்தில் நானும் கனைத்து, ஒரு வரி விடாமல் ஓடுகிறது. "தபால்காரருடைய முழங்கால் வலியைக் குணமாக்கியருளும்" என்ற இடத்தில்தான் உறைத்தது. எங்கள் ஊர்த் தபால்காரர் அவர், செத்து ஆறு வருஷம்! இருட்டில் தனியாகச் சிரித்துவிட்டேன். சிரித்ததும் ஜெபம் அறுந்துபோனது. எவ்வளவு தேடியும் அடுத்த வரி வரவில்லை. அப்போது நானாக ஒன்று சொன்னேன், "பயமா இருக்கு, விட்டுடாதப்பா" என்று. அவ்வளவுதான். காவலாளி சாவியைத் தேடி எடுத்துக் கதவைத் திறக்க அரை மணி நேரம் ஆனது, அதை அற்புதம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அரை மணி நேரம் நான் தனியாக இல்லை குட்டி. இதை யார் வந்து கேட்டாலும் சொல்வேன்.

அந்தப் பாயில் உட்காராமல் வளர்ந்திருந்தால் அன்றைக்கு யாரைக் கூப்பிடுவது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. கூப்பிடப் பழக்கியது தாத்தா, கூப்பிட்டது நான். கேட்டு வளர்ந்ததை நீயும் வெட்கப்பட்டு ஒளிக்காதே, அதோடு நின்றுவிடவும் செய்யாதே. உன் அறைத்தோழி அழகாக எழுதித் தந்திருக்கும் சாட்சியைப் படிக்காதே, அது அவளுடையது. சந்தேகம் இருந்தால் சந்தேகத்தையே சொல், யாரும் உன்னைக் கடித்துவிடமாட்டார்கள், கடவுள் கடிக்கவே மாட்டார். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, முந்தின நாள் நன்றாகத் தூங்கு.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முடிந்ததும் உடனே போன் பண்ணு, அம்மா இருப்புக்கொள்ளாமல் இருப்பாள். நீ எழுந்து நிற்கும் நேரத்தில் நாங்கள் இங்கே பாயில் உட்கார்ந்திருப்போம். உனக்குப் பதிலாக நான் பேசமாட்டேன், அது உன் வேலை. உன் பக்கத்தில் இருக்கச் சொல்லி மட்டும் ஆண்டவரிடம் கேட்பேன். முதலாளி வேனை நிறுத்திவிட்டு ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்கிறார், நான் போகணும்.

உன் அப்பா