கீரைக் கடையும் மல்லிகாவின் கண்களும்

சிநேகிதி,

இன்று காலை ஒலிபெருக்கி கட்டிய காய்கறி வண்டி நம் தெருவுக்குள் வந்து என் வாசலிலேயே நின்றது. ஈரச் சாக்கை விலக்கியதும் முளைக்கீரை வாசனை குப்பென்று அடித்தது. வாங்காமல் உள்ளே வந்துவிட்டேன். இத்தனை சுலபமாக வரக்கூடிய கீரைக்காகவா நீ அப்படி அல்லாடினாய் என்று எரிச்சலாக வந்தது. யார் மேல் எரிச்சல் என்று கேட்காதே.

அரிசிக்கே ஆலாய்ப் பறந்த அறுபதுகளின் பிற்பகுதி அது. விடிந்தால் நம் நெசவுத் தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவு, அதுதான் தறியில் ஏற்றுகிற நெட்டிழைகள், விரித்துக் கஞ்சி போடுவார்கள். காய்கறி வண்டி நுழைய முடியாது. பாவைச் சுருட்டிவிட்டுச் சந்தைக்குப் போனால் வாடியதுதான் மிச்சம் இருக்கும். பாவுக்குப் போட்ட கஞ்சிதான் பல வீடுகளில் பிள்ளைகளுக்கும். பொழுது சாய்ந்தால் தடுமாறி நடக்கிற குழந்தைகள் நம் தெருவில் நான்கைந்து பேர் இருந்தார்கள். எதிர் வீட்டு மல்லிகாவை, சின்னஞ்சிறு பிள்ளை, நீதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாய். மாலைக்கண், தினமும் கீரை கொடுங்கள் என்றார் டாக்டரம்மா.

அப்படித்தான் நம் தெருப் பெண்களின் சங்கம் பிறந்தது. பக்கத்துக் கிராமமான தாமலின் பெண்கள் ஏரிப் பாசனத் தோட்டத்துக் கீரையும் பப்பாளியும் இருட்டோடு கொண்டுவர, கோடி வீட்டில் கடை போட்டோம். லாபம் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாய். புருஷனை இழந்து, பட்டு இழைத்துக் காலம் தள்ளிய இரண்டு பேருக்கு அங்கே வேலை கிடைத்தது. "தாமல் கீர நம்ம புள்ளைங்க வயித்துக்கு வருது. நடுவுல எவனுக்கும் வேல இல்ல," என்பாய். கொஞ்ச நாளில் மல்லிகா விளக்கு வைத்த பிறகும் தடுமாறாமல் உன்னிடம் ஓடிவந்தாள். உனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் அந்த ஆடு வந்தது. கீரைக்கூடையின் பின்னாலேயே வந்ததை யாரோ விரட்ட, அது மிரண்டு விரித்திருந்த பாவுக்குள் பாய்ந்துவிட்டது. காலில் சிக்கிய இழையெல்லாம் அறுந்து தொங்கின. மல்லிகாவின் அப்பா போட்டிருந்த பாவு, முதலாளி கொடுத்த பட்டு. தெருப் பெரியவர்கள் கூடி, கடையை எடு என்றார்கள். மல்லிகாவின் அப்பாவும் அதையே சொன்னார். நீ அவரிடம் மட்டும்தான் பேசினாய்.

"அறுந்த இழைய பிணைச்சிக்கலாம்ணா. கண்ணு போச்சின்னா எத்த வெச்சிப் பிணைப்ப?"

"தறி நின்னா அவளுக்குக் கஞ்சியும் இல்லம்மா," என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

கடை போயிற்று. தாமல் பெண்கள் தெருமுனையோடு திரும்பினார்கள். நீ முந்தானையில் கீரையை மறைத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போவாய். தெருவுக்குப் பயந்து அவர்கள் கதவைத் திறக்கவில்லை. அடுத்த கோடையில் மல்லிகாவுக்குத் தட்டம்மை கண்டது. கீரைச் சத்து இல்லாத உடம்பு, உயிர் மட்டும் தப்பினாள். இரண்டு கண்ணும் போய்விட்டன.

"இன்னும் கொஞ்ச நாளு கட இருந்திருந்தா," என்று ஆரம்பிப்பாய், முடிக்க மாட்டாய். எழுபதுகள் முழுக்க அதைக் கேட்டபடி உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

உன்னைக் கிடத்தியிருந்த அன்று மல்லிகா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வளர்ந்த பெண். உன் நெற்றி, மூக்கு, உதடு எல்லாம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அத்த மூஞ்சி எனக்கு மறந்தே போச்சி சின்னம்மா. எப்பிடி இருப்பாங்க?"

சிரித்த முகம் என்று சொன்னேன். கடை மூடிய பிறகு நீ சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவள் கண்ணால் பார்த்தது அந்த முகத்தைத்தான். அது அவளுக்கே மறந்துவிட்டது. இனி அதை நினைவில் வைத்திருக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன்.