பட்டாணியோட குரல்ல பேசற அப்பா

அன்பு மகனுக்கு, அம்மா எழுதறேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லாம வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கியான்னுதான் முதல்ல கேக்கணும். நாங்களும் இங்க சுகம்னு அடுத்த வரி எழுதறது வழக்கம், இந்தத் தடவை அந்த வரிக்குக் கை வரல கண்ணா. போன்ல சொல்லலாம்னா மீட்டிங்ல இருக்கேன்மா அப்புறம் கூப்பிடறேன்னு வெச்சுடற, கூப்பிட்டாலும் உன் குரலக் கேட்டதும் சொல்ல வந்தது பாதியில நின்னுபோகுது. அதான் எழுதறேன். கோபப்படாம கடைசி வரைக்கும் படி.

அப்பா நாற்காலியில இருந்து விழுந்துட்டார். பதறாத, எலும்பு எதுவும் முறியலன்னு டாக்டர் சொல்லிட்டார், தோள்பட்டை வீக்கமும் வடிஞ்சிடுச்சு. ஆனா விழுந்தது அவர் மட்டும் இல்ல, அதத்தான் உனக்கு எப்படிப் புரியவைக்கறதுன்னு தெரியல. முதல்ல இருந்தே சொல்றேன். பக்கவாதம் வந்து பேச்சு போனப்ப ஆஸ்பத்திரியில ஒரு படம் போட்ட அட்டையக் குடுத்து, வேணுங்கறதத் தொட்டுக் காட்டச் சொன்னாங்க இல்லையா, அத அப்பா இடது கையாலயே வீசி எறிஞ்சார். காய்கறி மார்க்கெட்டுல அவர் ஏலம் கூவினா மூணு தெருவுக்குக் கேக்கும், அப்படிப்பட்ட மனுஷன் அட்டையத் தொட்டு வாயில்லாப் பூச்சி மாதிரி உக்காந்திருப்பாரா? அப்பதான் உன் அக்கா பொண்ணு பட்டாணி, பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதக் கத்துக்குடுக்கற கோடிங் வகுப்புல கத்துக்கிட்டத வெச்சு, பழைய டேப்லெட்டுல ஒண்ணு செஞ்சா. கட்டம் கட்டமா படம், எத அமுக்கினாலும் அது பேசும். எல்லாம் அவளே பேசிப் பதிஞ்சது. தாத்தா பக்கத்துல உக்காந்து, உங்களுக்கு என்னென்ன சொல்லத் தோணுது தாத்தான்னு ஒவ்வொண்ணாக் கேட்டா. நாங்க தண்ணி, சோறு, வலின்னு நெனச்சிட்டிருந்தோம், அவர் முதல்ல கேட்டு வாங்கினது என்ன தெரியுமா, டிவிய நிறுத்து! அப்புறம் அவளாவே ஒரு கட்டத்துல, கடைசி விலை, எடு எடுன்னு ஏலம் கூவி வெச்சா. மார்க்கெட்டுல இருந்து பழைய கூட்டாளி ஒருத்தர் பாக்க வந்தப்ப அப்பா அத அமுக்கினார் பாரு, ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க. பதினொரு வயசுப் பொண்ணு குரல்ல அப்பா பேசினாலும் அது அப்பா பேச்சுதான். வீட்டுல சண்டை கூட திரும்பி வந்துடுச்சு, உப்பு பத்தலன்னு என்னையே குறை சொன்னார், எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு நெனக்கற.

பிள்ளையும் மாறிட்டா தம்பி. முன்னாடி ஒரு கணக்கு தப்பாப் போனா தாளக் கிழிச்சுப் போட்டு மூலையில போய் உக்காந்துக்குவா. இப்ப, எங்கயோ ஒரு இடத்துல தப்பாச் சொல்லியிருக்கேன் பாட்டி, இருங்க தேடறேன்னு பொறுமையா முதல்ல இருந்து பாப்பா. பெரிய வேலையத் துண்டு துண்டாப் பிரிச்சுக்கணும், ஒரு துண்டு சரியா வந்த அப்புறம்தான் அடுத்ததுன்னு எனக்கே பாடம் எடுப்பா. அப்பாவோட மாத்திரை வேளைக்கு அந்த டேப்லெட் மணி அடிக்கும், முழுங்கிட்டேன்னு அமுக்கற வரைக்கும் நிக்காது, அதுவும் அவ வேலைதான்.

இந்த நேரத்துலதான் அக்கா உனக்கு போன் பண்ணினா. அவ செருப்புக்கடை கல்லாவுல நாள் பூரா நின்னுட்டு வர்றவ, பிள்ளை மார்க்கு கொஞ்சம் குறைஞ்சதும் பயந்துட்டா. நீ என்ன சொன்ன? வருஷக்கணக்கா கம்ப்யூட்டர் படிச்சு நானே வேலை நிலைக்குமான்னு உக்காந்திருக்கேன், இனிமே கோடிங் எல்லாத்தையும் மெஷினே எழுதிக்கும், அந்த வகுப்ப நிறுத்திட்டு பாடத்தப் படிக்கச் சொல்லுன்னு சொன்னியாம். உன் கஷ்டம் எனக்குப் புரியுது கண்ணா, வயித்தெரிச்சல்ல வந்த வார்த்தை. ஆனா அக்காவுக்கு நீ சொன்னா வேதவாக்கு. மறுநாளே வகுப்பு நின்னுது, பிள்ளை இங்க வர்றதும் குறைஞ்சுது. அப்ப அவ அந்த 'இங்க வா'ங்கற கட்டத்துலதான் வேலை பண்ணிட்டிருந்தா, அத அமுக்கினா நான் எங்க இருந்தாலும் என் போன்ல அடிக்கற மாதிரி. ஒரு தடவை அடிக்கவும் அடிச்சுது, அதோட பாதியில நின்னுபோச்சு.

போன வாரம் நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல பெட்ஷீட் மடிச்சிட்டிருந்தேன். இங்க அப்பா கீழ விழுந்த மூக்குக்கண்ணாடிய எடுக்கக் குனிஞ்சு சரிஞ்சிருக்கார். கழுத்துல நான் தெச்சு மாட்டின பையில டேப்லெட் இருந்துது. 'இங்க வா'வ அமுக்கியிருக்கார், அமுக்கிட்டே இருந்திருக்கார், என் போன் அடிக்கவே இல்ல. நான் வந்து கதவத் திறந்தப்ப தரையில கிடந்தார், டேப்லெட் சார்ஜ் தீர்ந்து செத்துக்கிடந்துது, அவர் விரல் மட்டும் அந்தக் கறுத்துப்போன திரைய அமுக்கிட்டே இருந்துது. மாடி வீட்டு லாரி டிரைவர் ஓடிவந்து தூக்கிவிட்டார். மத்தியானம் பூரா சத்தம் கேட்டுதும்மா, இங்க வா இங்க வான்னு, பேத்தி வந்து தாத்தாவோட விளையாடுதுன்னு நெனச்சுப் படுத்துட்டேன்னு தலையில அடிச்சுக்கிட்டார். பாவம், அவரச் சொல்லி என்ன.

அத பட்டாணி கேட்டுட்டா. அன்னியில இருந்து டேப்லெட்டத் தொடமாட்டேங்கறா. அப்பா அவ பக்கம் நகர்த்தி வெச்சார், கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டா. என் குரல அழிச்சிடுங்க பாட்டி, பெரியவங்க குரலா இருந்திருந்தா அந்த அங்கிள் வந்திருப்பார், நான் செஞ்சதுதான் தப்புன்னு சொல்லிட்டு ஓடிப்போய் அவ அம்மா மடியில விழுந்தா. அக்கா அழறா, வகுப்புல திரும்ப சேக்கறேன்னும் சொல்லிட்டா, ஆனா இப்ப பிள்ளையே வேணாங்கறா. நாங்க என்ன சொன்னாலும், உங்களுக்கு என்ன தெரியும்னு ஒரு பார்வை பாக்கறா. நிஜம்தானே, எங்களுக்கு என்ன தெரியும்? உனக்குத்தான் தெரியும். எந்த வேலையிலயும் ஓட்டை இருக்கும், அது தெரிய வந்த அப்புறம் அடைக்கறதுதான் வேலையேன்னு நீதான் சொல்ல முடியும். நீ ராப்பகலா உக்காந்து தேடின தப்பு ஒண்ணு ரெண்ட அவகிட்ட சொல்லேன்.

மெஷினே எழுதிக்கும்னு சொன்னியே, எழுதிட்டுப் போகட்டும். இந்தத் தாத்தாவுக்கு முதல்ல டிவிய நிறுத்தணும், தண்ணி அப்புறம்தான்னு அதுக்கு யாருப்பா சொல்லுவா? பக்கத்துல உக்காந்து கேட்டவதானே. தையல் கத்துக்கிட்ட பொம்பளை எல்லாம் கடையா வெச்சிட்டா? வீட்டுத் துணி கிழிஞ்சா நாமே தெச்சுக்கலாமேன்னு கத்துக்கறதில்லையா? இதுவும் அப்படித்தான்னு எனக்குத் தோணுது. அவ நாளைக்கு உன்ன மாதிரி ஆபீசுல உக்காந்தாலும் சரி, உக்காராட்டியும் சரி.

நீ பணம் அனுப்ப வேணாம், லீவு போட்டு வர வேணாம். உன் கால்ல விழாத குறையாக் கேக்கறேன், ஞாயித்துக்கிழமை காலையில பிள்ளை இங்க இருப்பா, அவளக் கூப்பிட்டுப் பேசு. என்கிட்டயோ அக்காகிட்டயோ இல்ல, அவகிட்ட. அந்தப் பாதி நின்ன வேலைய அவளோட சேர்ந்து முடி. வேலைக்குப் போற ஒவ்வொரு நாளும் கதவப் பூட்டிட்டு, தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போறேன் தம்பி.

நீ மனசு விட்டுடாத. வேலை போனா இன்னொண்ணு வரும், நீ எங்க பிள்ளையா இரு, அது போதும். மழையில நனையாத, ராத்திரி கண் முழிக்காத. எந்தக் குறையும் அண்டாம நீ நீடூழி நல்லா இருக்கணும், அதுதான் நானும் அப்பாவும் கேக்கற வரம். ஞாயித்துக்கிழமைய மறந்துடாத.

அப்பா விழுந்ததுல இருந்து எதக் கேட்டாலும் 'இல்ல'ங்கற கட்டத்தத்தான் அமுக்கறார். சாப்பிடறீங்களா, இல்ல. வெளியில உக்காருறீங்களா, இல்ல. இன்னிக்குப் பேனாவ எடுத்துட்டு, பையனுக்கு எழுதட்டுமான்னு கேட்டேன். விரல் பழக்கப்படி 'இல்ல'ங்கற கட்டத்து மேல போச்சு. அப்புறம் விரல நகர்த்தி, ஆமான்னு அமுக்கினார்.

இப்படிக்கு,
உன் போனுக்காகக் காத்திருக்கற
அம்மா