பெயர் கூப்பிட்டும் பதில் சொல்லாத டிஸ்க்

விஜயதசமி, இரவு ஒன்பதரை.

நேற்று ஆயுத பூஜைக்காகக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, உள்ளேயும் ஈரத்துணியால் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். இன்று காலை போட்டால், திரையில் டிஸ்க்கைத் தேடும் வரியிலேயே நின்றுவிட்டது. ஏழு முறை போட்டும் அதே வரிதான். வருகைப் பதிவில் ஒரு பிள்ளை பதில் சொல்லாவிட்டால் நான் அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். இது போகாமல் காத்துக்கொண்டே இருக்கிறது. டிஸ்க்கின் கேபிளைக் கழற்றினால்தான் அந்த வரியைத் தாண்டுகிறது.

ராஜபாளையம் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

“குளிப்பாட்டிப் பொட்டு வச்சீகளே டீச்சர், தலை துவட்டுனீகளா?” என்று சிரித்தார். பிறகு, “போர்டுல டிஸ்க்கைப் பாத்துக்கிற கன்ட்ரோலர்ல ஈரம் எறங்கியிருக்கும். டிஸ்க்கு நல்லா இருந்தாலும் இருக்கும். காலைல கொண்டாங்க, வேற மிஷின்ல மாட்டிப் பாப்போம்” என்றார்.

சுந்தரபாண்டியம் முத்துலட்சுமியின் இறந்துபோன கணவருடைய ராணுவச் சான்றுகள் அந்த டிஸ்க்கில்தான் இருக்கின்றன. காகிதங்களைக் கரையான் தின்றுவிட்டது. நான் எடுத்துவைத்த நகல்தான் மிச்சம். குடும்ப ஓய்வூதியத்துக்கு அவள் நாளை பதினோரு மணிக்குள் ஆபீஸில் கொடுக்க வேண்டும்.

மாலையில் அவளே கூப்பிட்டாள். “காலைல நேரா ஒங்க வீட்டுக்கு வாரேன் டீச்சர். எல்லாம் எடுத்து வச்சிட்டீகளா?”

“வச்சிட்டேன், வா” என்றேன்.

டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்திருப்பது உண்மை. அதில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். ராஜபாளையம் பஸ் ஏறுவதற்கு முன் அவளுக்குப் போன் செய்து உள்ளதைச் சொல்ல வேண்டும்.