புகையில்லாத வாசம்

என் அருமை அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க இந்தக் கடிதத்தில் வழியில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன், உங்கள் மேல் கடுங்கோபத்தில் இருக்கிறேன். நீங்கள் போய் ஆறு மாதம் தாண்டிவிட்டது. அதுவரை அழுதுகொண்டிருந்தவள், போன மாட்டுப் பொங்கலிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு திரிகிறேன். வீட்டில் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சண்டை போட்டால் அம்மா பயந்துவிடுவாள். அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். உங்களைப் போல வாயை மூடிக்கொண்டிருக்கும் இன்னும் சில பேர் கண்ணிலும் இது படட்டும்.

எல்லாம் அந்த வாசனை மிசினைப் பற்றித்தான்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முப்பது வருஷம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு தோண்டிவிட்டு, தலை முதல் கால் வரை கல் மாவோடு வந்து நிற்பீர்கள். அந்த மாவில் பாதி உங்கள் நெஞ்சுக்குள் போயிருக்கிறது என்பது வேலையை விட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. தூசி ஆகாது, புகை ஆகாது என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கே அம்மா ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஆனால் பண்டிகை வந்தால் அம்மாவுக்கு மனசு கேட்காது. வாசல் தெளித்து, கோலம் போட்டு, பலகாரமெல்லாம் சுட்ட பிறகும் நடுவீட்டில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்ப்பாள். "நோம்பி நாள்ல ஊடு மொட்டையாக் கெடக்குது. ஒரம்பரை வந்தா என்ன நெனப்பாங்க?" என்பாள். உறவுக்காரர்கள் வீட்டுக்குள் கால் வைத்ததும் சாம்பிராணி வாசம் வர வேண்டும் அவளுக்கு. அது இல்லாத வீடு துக்க வீடு மாதிரி இருக்கிறது என்று என்னிடம் ஒருமுறை சொல்லி அழுதாள்.

அந்த அழுகைக்கு மருந்து கண்டுபிடித்தவள் நான்தான். ஏற்காட்டுக்குப் போயிருந்தபோது ஒரு கடையில் முட்டை வடிவத்தில் வெள்ளையாக ஒரு மிசினைப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றி, எலுமிச்சைப் புல் எண்ணெயோ நீலகிரித் தைலமோ நாலு சொட்டு விட்டு, சுவிட்சைப் போட்டால் வாசம் பனி மாதிரி மேலே எழும்பும். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. புகை வருமா?

"புகையே இல்லீங்க. வெறும் தண்ணி ஆவிதான். எண்ணெயும் கெமிக்கல் இல்லீங்க, செடியில இருந்து எடுத்தது. நெஞ்சுக்கு நெம்ப நல்லதுங்க" என்றாள் அந்தக் கடைப் பெண்.

செடியாம். அரளியும் செடிதான், எருக்கும் செடிதான். அவளைச் சொல்லி என்ன, விற்கிறவள் அப்படித்தான் சொல்வாள். நான் யார்? சேலத்தில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட். எந்தப் பாட்டிலையும் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகாதே, தள்ளி வைத்துக் கையால் விசிறித்தான் முகர வேண்டும் என்று வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். அப்படிப்பட்டவள், நெஞ்சு கெட்டுப்போன அப்பா இருக்கும் வீட்டில், சன்னலைச் சாத்திவிட்டு, எண்ணெயை ஆவியாக்கி நிரப்பினேன். சன்னலைத் திறந்தால் வாசம் போய்விடும் என்று சாத்தச் சொன்னதும் நான்தான்.

முதல் நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போகியன்று சாயங்காலம். அம்மா அப்போதுதான் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டிவிட்டு வந்தாள். நான் சுவிட்சைப் போட்டேன். விளக்கு பச்சையாகி நீலமாகி, மெல்ல ஆவி எழுந்தது. அம்மா கையைத் தட்டாத குறையாகச் சிரித்தாள். "அட, பொகையில்லாத பொகை மிசினு" என்று பெயரும் வைத்தாள். நீங்கள் கிட்டே வந்து, குனிந்து, ஒரு மூச்சு இழுத்தீர்கள்.

"நல்லாருக்குது சாமி" என்றீர்கள்.

அதற்கப்புறம், "சித்த ரிக் ஸ்டாண்டு வரைக்கும் போய்ட்டு வாரேன்" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். பண்டிகைக்கு ஊர் திரும்பிய ரிக் வண்டிகளெல்லாம் வரிசையாக நிற்கிற இடம். உங்களோடு வேலை பார்த்த சின்னராசு மாமாவின் வண்டியும் அங்கேதான் நிற்கும். பொங்கல் நாலு நாளும் சாப்பிட மட்டும் வந்தீர்கள், மற்றபடி அங்கேயே கிடந்தீர்கள். நாங்கள் சிரித்தோம் அப்பா. முப்பது வருஷம் ஓட்டியும் அப்பாவுக்கு ரிக் ஆசை தீரவில்லை, அம்மாவைவிட அந்த வண்டிக் கேபின்தான் ஒசத்தி என்று. அதிகம் சிரித்தவள் நான். ஒருநாள் தூக்குப்போசியில் சோறு கொடுத்தனுப்பி, "புது மாப்பிள்ளைக்கு மதியச் சாப்பாடு" என்று சொல்லியும் விட்டேன்.

இப்படியே நாலு வருஷம். தீபாவளிக்கு வைத்தோம், பொங்கலுக்கு வைத்தோம், ஆடிப் பதினெட்டுக்கு வைத்தோம். தீரத் தீரப் புது எண்ணெய் வாங்கி வந்தேன். ஒவ்வொரு தடவையும் வாசம் எப்படி என்று உங்களிடம் கேட்டேன், ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொன்னீர்கள்.

போன ஆடியில் நீங்கள் போய்விட்டீர்கள். வருஷம் திரும்பும்வரை பண்டிகை இல்லை என்பதால் இந்தப் பொங்கலுக்கு வீட்டில் பானை ஏறவில்லை, காப்புக் கட்டவில்லை. ஆனால் உங்கள் படத்துக்குக் கீழே அம்மா அந்த மிசினைத் துடைத்து வைத்தாள். நீங்கள் போன பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். பொங்கலுக்குப் போகியிலிருந்தே நிறுத்தாமல் ஓடியது. "பொங்கல்தான் வெக்கக்கூடாது, அவருக்குப் புடிச்ச வாசமாச்சும் இருக்கட்டும்" என்றாள். வெண்ணந்தூர் அத்தை வந்து, "எங்கண்ணனே வந்து நிக்கறாப்புல இருக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி அதைப் படம் பிடித்து, 'அப்பாவுக்குப் பிடித்த மணம்' என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்தான். நானும் அதற்கு ஒரு இதயம் போட்டேன்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் சின்னராசு மாமா வந்தார். வாசற்படி வரை வந்தவர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். நான் காப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"ஏனுங்க மாமா, உள்ள வராம நிக்கறீங்க?"

"அத ஆரு சாமி படத்துக்கிட்ட வெச்சது?"

"அம்மாதானுங்க. அப்பாவுக்குப் புடிக்குமில்லீங்களா."

மாமா காப்பியை வாங்கவில்லை. "புடிக்குமா? அந்தக் கருமத்துக்குப் பயந்துக்கிட்டுத்தான் சாமி உங்கப்பன் நோம்பி முச்சூடும் என்ற வண்டியில வந்து உக்கோந்திருந்தான்."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த முதல் போகியன்று நீங்கள் வந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களாம். ஏறக்கூட முடியவில்லையாம். இளைப்பு அடங்க அரை மணி நேரம் ஆனதாம். இரண்டு பக்கக் கதவையும் திறந்துவிட்டு, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தீர்களாம். வீட்டில் சொல்லித் தொலையடா என்று மாமா திட்டினாராம்.

"அதுக்கு என்ன சொன்னான் தெரியுமா? புள்ள ஆசையா வாங்கியாந்திருக்குது, அவளும் இத்தன வருசத்துக்குப் பொறவு நோம்பி நாள்ல சிரிச்சுக்கிட்டு இருக்கறா, நாலு நாளுதான, நான் இங்கயே உக்கோந்துக்கறேன்னான். ஆருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்ற கையப் புடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டான்."

இதுதான் என் கோபம். கம்ப்ரஸரில் சத்தம் மாறினால் முதலாளி என்றும் பார்க்காமல் சத்தம் போடுகிற ஆள் நீங்கள். குழம்பில் உப்புக் கல் ஒன்று கூடினால் தட்டைத் தள்ளுகிற ஆள். மூச்சு முட்டுகிறது என்ற ஒரு வார்த்தை மட்டும் எப்படி வாயில் வராமல் போயிற்று? ஒரம்பரை எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் நல்லாருக்குதுங்க என்று சொல்லி வாங்கி வைப்பது நம் பக்கத்து வழக்கம், எனக்கும் தெரியும். புளித்த மாம்பழத்தையும் சேராத சட்டையையும் அப்படித்தான் வாங்கி வைப்போம். அவர்கள் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அவர்கள் மனசு நோகக்கூடாது. என்னையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தீர்களா? நான் உங்களுக்கு ஒரம்பரையா?

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு நிமிஷம் முகம் சுருங்கியிருப்பேன். அந்த மிசினைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பேன். நாலு வருஷப் பண்டிகையும் நீங்கள் எங்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பீர்கள். ஒரு நிமிஷ முகச் சுருக்கத்துக்குப் பயந்து நாலு வருஷத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். அதை யாரிடம் போய்க் கேட்பேன்?

மாமாவை அங்கேயே விட்டுவிட்டு, வயரைப் பிடுங்கி எறிவதற்காகத்தான் உள்ளே வந்தேன். அம்மா மிசினுக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணெய்ச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, இருமிக்கொண்டே விட்டாள். தைப் பனிக்குச் சளி பிடித்திருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த இருமல் ஐப்பசியிலிருந்தே இருக்கிறது என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

வயரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். சொன்னால், உங்களை வீட்டை விட்டுத் துரத்தியது தன் சிரிப்புதான் என்று அம்மா உடைந்துபோவாள். சொல்லாவிட்டால், உங்களுக்குப் பிடித்தது என்று சொல்லிச் சொல்லியே இதை வருஷம் முழுக்க வைப்பாள், அவள் நெஞ்சும் உங்கள் நெஞ்சு மாதிரி ஆகும். கடைசியில் சொல்லிவிட்டேன். பக்குவமாக ஒன்றும் சொல்லவில்லை. இருந்த ஆத்திரத்தில், மாமா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கொட்டினேன்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எண்ணெய்ப் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள்.

"எனக்கும் அது ஆவாதுடி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. என்னம்மா சொல்றே என்றேன்.

"மொத நாளே மண்ட இடி வந்திருச்சு. உங்கப்பாதான் நல்லாருக்குதுன்னு சொன்னாரே. அந்த மனுசன் வாயில ஒண்ண நல்லாருக்குதுன்னு வந்து எத்தன வருசமாச்சு. அதான், அவருக்குன்னு வெச்சேன்."

அப்பா, நாற்பது வருஷம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் என்னதான் பேசிக்கொண்டீர்கள்? அவளுக்குப் பிடிக்கிறது என்று நீங்கள் வெளியே போய் மூச்சு வாங்கினீர்கள். உங்களுக்குப் பிடிக்கிறது என்று அவள் உள்ளே தலைவலியோடு உட்கார்ந்திருந்தாள். அந்த வாசத்தை நாலு வருஷமும் நெஞ்சு நிறைய இழுத்து அனுபவித்தது நான் ஒருத்திதான். இதை நினைத்தால் உங்கள் மேல் இருக்கிற கோபம் அம்மா மேல் போகிறது, அப்புறம் சுற்றிக்கொண்டு என் மேலேயே வந்து விழுகிறது. ராத்திரி வேறு யாரையாவது திட்டலாமென்று பார்த்தால் அந்தக் கடைப் பெண் மட்டும்தான் மிச்சம் இருக்கிறாள்.

அம்மா எழுந்து மிசினை அணைத்துவிட்டு, சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பிறகு உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். இத்தனை வருஷத்தில் உங்களை அவள் அதட்டி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் உங்ககூட அந்தக் கேபின்ல வந்து உக்கோந்திருப்பனே" என்றாள்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் அவளை நாமக்கல்லில் நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கறனுங்க" என்றாள். நான் மேசையைத் தட்டி, "அம்மா, உள்ளதச் சொல்லு" என்று போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் இருமல், தலைவலி, மாடிப்படி ஏறினால் வருகிற இளைப்பு என்று ஒவ்வொன்றாக வந்தது. பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை, அந்த எண்ணெயை நிறுத்துங்கள், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்றார். உங்களையும் ஒருமுறை இப்படிச் சத்தம் போட்டுக் கேட்டிருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் அம்மா எதையாவது நல்லா இருக்கிறது என்று சொன்னால் அதோடு விட்டுவிட்டுப் போக மாட்டேன். இன்னொரு தடவை கேட்பேன். முகத்தைப் பார்த்து மூன்றாம் தடவையும் கேட்பேன். எரிச்சல் பட்டு அவள் என்னைத் திட்டினாலும் சரி, எனக்கு வேண்டாமென்று அவள் வாயால் சொல்லும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அப்படி அவள் சொல்கிற ஒவ்வொரு தடவையும், நீங்கள் என்னிடம் சொல்லாமல் போனதில் கொஞ்சத்தைக் கேட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் திட்டியிருந்தாலும் தாங்கியிருக்கக்கூடிய,
உங்கள் மூத்த மகள்